நப்பின்னை: ஓர் அரிய பெண் பெயரை ஆராய்ந்து வைப்பது எப்படி

பெண் குழந்தைக்கு யாரும் வைக்காத பெயராக இருக்கவேண்டும் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலில் போய் நிற்கிறார்கள். பெயருக்கு எதிரே ‘அழகானவள்’, ‘தெய்வீகமானவள்’, ‘அறிவுடையவள்’ என்று ஒரு சொல் இருக்கும். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இருக்காது. பெயர் பழகியதாக இருந்தால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அரிய பெயர் என்றால் அப்படியில்லை. குழந்தை வாழ்நாள் முழுவதும் “இதற்கு என்ன அர்த்தம்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறாள். அவள் கையில் சரியான பதிலைக் கொடுப்பது பெற்றவர் கடமை.

நாங்கள் பின்பற்றச் சொல்வது ஒரே ஒரு விதியை. ஒரு பெயரின் பொருள் அது வழங்கிய வரியில் இருக்கிறது. வரியைக் காட்ட முடியாத பொருளை ஏற்காதீர்கள். இந்த விதியை வைத்து ஒரு பெயரை எப்படித் துருவிப் பார்ப்பது என்பதை ‘நப்பின்னை’ என்ற பெயரைக் கொண்டே காட்டுகிறோம். பழந்தமிழ் நூல்களில் கண்ணனின் மனைவியாக வரும் ஆயர்குலப் பெண்ணின் பெயர் அது. பழமையான, அழகான, இன்று அரிதாகிவிட்ட பெயர். அதைச் சுற்றித் தவறான விளக்கங்களும் நிறைய உண்டு, ஆகவே பயிற்சிக்கு நன்றாகப் பொருந்தும்.

முதலில் தமிழ் எழுத்தில் வாங்குங்கள்

பெயரை எங்கே பார்த்திருந்தாலும் முதல் வேலை அதன் தமிழ் வடிவத்தை உறுதி செய்வது. ஆங்கில எழுத்தில் பார்த்த பெயரைத் தமிழாக்கினால் ல, ள, ழ மூன்றும் குழம்பும். ந, ண, ன குழம்பும். ர, ற குழம்பும். குறில் நெடில் தெரியாது. ஓர் எழுத்து மாறினால் வேறு சொல், வேறு வேர். நப்பின்னையில் பகரமும் னகரமும் இரட்டிக்கின்றன. ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாக எழுதப்பட்டதைப் பார்த்து ‘நபினை’ என்று எடுத்துக்கொண்டால் எந்த அகராதியிலும் அகப்படாது.

பிரித்துப் பாருங்கள், புணர்ச்சியை மறக்காமல்

அரிய பழம்பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகள். நப்பின்னையை ந + பின்னை என்று பிரிக்க வேண்டும். ‘நல் + பின்னை’ என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். அது பொருளில் கிட்ட வருகிறதே தவிர இலக்கணத்தில் நிற்காது: நல் + பெயர் நற்பெயர் ஆவதுபோல நல் + பின்னை ‘நற்பின்னை’ ஆகியிருக்க வேண்டும். இங்கே ப் இரட்டித்திருக்கிறது, ற் வரவில்லை. எனவே முன்னால் நிற்பது ‘ந’ என்ற ஒற்றை எழுத்து. சிறப்பைக் காட்டும் இடைச்சொல் அது.

ஒரு பிரிப்பு சரியா என்று சோதிக்க, அதே அச்சில் வார்த்த மற்ற பெயர்களைத் தேடுங்கள். சங்கப் புலவர் பெயர்களில் இந்த ‘ந’ வரிசையாக நிற்கிறது: நக்கீரர், நக்கண்ணையார், நச்செள்ளையார், நத்தத்தனார், நப்பசலையார், நப்பூதனார். எல்லாவற்றிலும் அடுத்து வரும் வல்லெழுத்து இரட்டிக்கிறது. கீரன், கண்ணை, செள்ளை, தத்தன், பசலை, பூதன் என்று பெயர்கள் தனியாக நிற்கின்றன. ஒரே ஒரு பெயருக்கு மட்டும் பொருந்தும் பிரிப்பு சந்தேகத்துக்குரியது. ஆறு பெயருக்குப் பொருந்துவது நம்பத்தக்கது.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. நச்சினார்க்கினியர் என்ற பழைய உரையாசிரியரின் பெயரும் ‘நச்’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அது நச்சினார்க்கு + இனியர், அதாவது விரும்பியவர்க்கு இனியவர். அங்கே ‘ந’ முன்னொட்டு கிடையாது. முதல் எழுத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் இப்படித்தான் தவறும். பிரித்த பின் மிச்சமிருக்கும் துண்டு தனிச்சொல்லாக நிற்கிறதா என்று பாருங்கள். ‘சினார்க்கினியர்’ நிற்காது, ‘பின்னை’ நிற்கும்.

அகராதியில் பொருளை விட அடைப்புக்குறிதான் முக்கியம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. பிறகு ஓர் அனுபந்தமும் சேர்ந்தது. இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரின் துண்டுகளை அதில் தேடுங்கள். ஆனால் பொருளைப் படித்ததும் மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு குறுக்கம் இருக்கும். ‘சிலப்.’ (சிலப்பதிகாரம்), ‘திவ்.’ (திவ்யப் பிரபந்தம்), ‘சீவக.’ (சீவக சிந்தாமணி) என்றிருந்தால் இலக்கிய வரி ஒன்று ஆதாரமாக இருக்கிறது, எடுத்துப் படிக்கலாம். ‘பிங்.’ என்றால் பிங்கல நிகண்டு, அதாவது பழைய சொற்பொருள் நூல். ‘யாழ். அக.’ என்றால் இன்னொரு அகராதியிலிருந்து எடுத்தது, வரி காட்டப்படவில்லை. முதல் வகைப் பொருளைத்தான் குழந்தையின் பெயருக்கு அடித்தளமாக வைக்க வேண்டும்.

‘பின்னை’ என்பதற்குப் ‘பின்’ என்பதே அடி. முன் பிறந்தவனை ‘முன்’ என்றும் பின் பிறந்தவரைப் ‘பின்’ என்றும் சொல்வது பழந்தமிழ் வழக்கு. தம் + முன் = தம்முன், அண்ணன். தம்பி என்ற சொல்லையே தம் + பின் என்பதிலிருந்து வந்ததாகக் கொள்வார்கள். அந்தக் குடும்பத்துச் சொல்தான் பின்னை: பின் பிறந்தவள், இளையவள். திருமகளைப் பின்னை என்னும் வழக்கும் உண்டு. மூத்தவள் மூதேவி, இளையவள் சீதேவி என்ற கணக்கில் அது வந்தது. ஆக நப்பின்னை என்றால் ‘சிறப்புடைய இளையாள்’. ‘அழகி’ என்றோ ‘அன்பானவள்’ என்றோ பட்டியல் சொன்னால், அது பாத்திரத்தைப் பார்த்துச் சொன்ன புகழ்ச்சி, சொல்லின் பொருள் அன்று.

வரிகளைத் தேடுவது

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். குறைந்தது மூன்று வரி, அவை இரண்டு வெவ்வேறு நூல்களிலிருந்து. இது கிடைத்தால் பெயருக்கு வேர் உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம், மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இரண்டும் தேடுவதற்கு ஏற்றவை. ஆனால் வெறுமனே பெயரை அடித்துத் தேடினால் பாதி வரிகள் தப்பிவிடும். காரணங்கள் இவை.

விளியில் ஈறு மாறும். திருப்பாவையின் 18ஆம் பாசுரத்தில் ‘நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்’ என்று வருகிறது. ஐகாரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஆய் ஆகும். அன்னை அன்னாய் ஆவதைப் போல. ‘நப்பின்னை’ என்று தேடினால் இது வராது. எனவே ஈற்றை விட்டுவிட்டு ‘நப்பின்ன’ வரைக்கும் தேடுங்கள்.

முன்சொல்லோடு சேர்ந்து முதலெழுத்தும் மாறலாம். ‘என் நப்பின்னை’ என்பது சேர்த்து எழுதும்போது ‘என்னப்பின்னை’ ஆகும்; ந ன ஆகிவிடும். ‘ப்பின்ன’ என்றும் ஒரு முறை தேடுவது நல்லது.

பழைய அச்சு இன்னொரு தடை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ‘னை’, ‘ணை’, ‘லை’, ‘ளை’ ஆகியவற்றுக்குக் கொம்பு சுழித்த தனி வடிவமும், ‘னா’, ‘ணா’, ‘றா’ ஆகியவற்றுக்கு வேறொரு வடிவமும் இருந்தன. பழைய புத்தகத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் மென்பொருள் இந்த எழுத்துகளில்தான் அதிகம் தடுமாறும். நப்பின்னையில் ‘னை’, நப்பின்னாயில் ‘னா’, இரண்டுமே அந்த வகை. மின்தேடலில் வரவில்லை என்பதை வைத்து நூலில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நூலில் வரும் சொற்களை இடத்தோடு அகரவரிசையில் தரும் சொல்லடைவு இருந்தால் அதைப் புரட்டுங்கள்.

நான்காவது, மாற்று வடிவங்கள். இதைத் தெரியாதவர்கள் இந்தப் பெயரின் மிகப் பழைய தடங்களைத் தவறவிடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ‘வேல்நெடுங்கண் பிஞ்ஞையோடு ஆடிய குரவை’ என்று வருகிறது. மணிமேகலையில் ‘மாமணி வண்ணனும் தம்முனும் பிஞ்ஞையும் ஆடிய குரவை’ என்று வருகிறது. ன்ன என்பது ஞ்ஞ ஆன வடிவம். அதே ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரை வைக்கும்போது, குரல் மாயவனாகவும் இளி பலராமனாகவும் துத்தம் ‘ஆய்மகள் பின்னை’யாகவும் ஆகின்றன. பின்னை, பிஞ்ஞை, நப்பின்னை மூன்றையும் தேடினால்தான் முழுப்படம் கிடைக்கும்.

‘பின்னை’ என்று தனியாகத் தேடும்போது ‘பிறகு’ என்ற பொருளில் வரும் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து குவியும். சலிக்க ஒரு வழி உண்டு: பக்கத்தில் மணாளன், கேள்வன், தோள் போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரியாழ்வார் ‘பின்னை மணாளனைப் பேரில் கிடந்தானை’ என்று தொடங்கி அடுத்த அடியில் ‘முன்னை அமரர் முதல் தனி வித்தினை’ என்கிறார். முதல் அடியில் இருப்பவள் பெண். அவள் பெயருக்கு எதுகையாக ‘முன்னை’ வந்து நிற்கிறது. பின், முன் என்ற இரண்டு அடிகளும் எதிரெதிரே நிற்கும் இந்த இடத்தை ஒரு முறை வாய்விட்டுப் படித்தால், பெயரின் வேர் காதிலேயே விழும்.

இனி, கிடைத்ததை எல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள்: நூல், இடம், வரி, அந்த வரி பெயரைப் பற்றி என்ன சொல்கிறது. நப்பின்னைக்கு அந்தத் தாளில் சிலப்பதிகாரம், மணிமேகலை, ஆழ்வார் பாசுரங்கள், சீவக சிந்தாமணி எல்லாம் இடம்பெறும். சிந்தாமணியில் கோவிந்தையார் இலம்பகத்தில், மகளை மணம்முடித்துக் கொடுக்க நினைக்கும் ஆயர் தலைவன், திருமாலும் நப்பின்னையை அடைந்தானே என்று எடுத்துக்காட்டுகிறான். மணிமேகலை பௌத்தக் காப்பியம், சிந்தாமணி சமணக் காப்பியம், திருப்பாவை வைணவப் பிரபந்தம். ஒரு பெயர் இத்தனை வாசல்களில் புழங்கியிருப்பதை அறிவது, வெறும் ‘அர்த்தம்’ அறிவதை விட எவ்வளவோ மேல்.

எங்கே தவறுகிறார்கள்

நப்பின்னை என்பது ராதையின் தமிழ்ப் பெயர் என்று ஒரு கூற்று பரவலாக உண்டு. வரியிடம் கேளுங்கள். திருப்பாவை அவளை ‘நந்தகோபாலன் மருமகளே’ என்று அழைக்கிறது; அதாவது அவள் கண்ணனின் மனைவி, அந்த வீட்டு மருமகள். 19ஆம் பாசுரத்திலும் 20ஆம் பாசுரத்திலும் அதே வீட்டுக்குள்தான் அவளை எழுப்புகிறார்கள். ஏழு காளைகளை அடக்கி அவளைக் கண்ணன் மணந்ததாக ஆழ்வார்கள் பாடுகிறார்கள். பாகவதத்தில் ஏழு காளைகளை அடக்கி மணப்பது கோசல நாட்டு நக்னஜித்தின் மகள் சத்யையை. நப்பின்னை என்ற பெயர் அங்கே இல்லை. வைணவ உரை மரபு நப்பின்னையைத் திருமாலின் தேவியருள் ஒருத்தியான நீளாதேவியின் அவதாரமாகக் கொள்கிறது. பராசர பட்டர் அருளிய திருப்பாவைத் தனியனின் (நூலுக்கு முன் ஓதும் துதிப்பாடல்) முதல் சொல்லே ‘நீளா’. ஆகவே ‘ராதை’ என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இரண்டும் அழகான பெயர்கள். இரண்டும் வேறு வேறு.

‘பின்னல்’ என்பதிலிருந்து பிரித்து ‘அழகிய கூந்தலுடையவள்’ என்பது இன்னொரு விளக்கம். இதில் ஏன் மயங்குகிறார்கள் என்பது புரிகிறது: ஆண்டாள் அவளைக் ‘கந்தம் கமழும் குழலீ’ என்றும் ‘கொத்தலர் பூங்குழல் நப்பின்னை’ என்றும் கூந்தலை வைத்தே பாடுகிறாள். ஆனால் அது அவளைப் பற்றிய வருணனை. பெயரின் வேர் அதிலிருந்து வரவில்லை. பாத்திரத்தின் அழகைப் பெயரின் பொருளாக்குவது பெயர்ப் பட்டியல்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தேன்மொழி, கயல்விழி போன்றவை பழைய பாடல்களில் ஒரு பெண்ணை வருணிக்கும் தொடர்களாக வரும். அங்கே அவை யாருடைய இயற்பெயரும் அல்ல. அப்படி ஒரு தொடரைப் பார்த்துவிட்டு ‘சங்க காலப் பெயர்’ என்று சொல்லக்கூடாது. சங்கச் சொல், பிற்காலப் பெயர் என்று சொன்னால் சரி. அதனால் பெயரின் மதிப்பு குறையாது.

உண்மையில் வாழ்ந்த பெண்களின் பெயர்கள் வேண்டுமென்றால் கல்வெட்டுக்குப் போங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் பணிப்பெண்கள்) 400 பேரின் பெயர்கள், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள் என்ற விவரத்தோடு வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெண் பெயர்ப் பதிவேடு அது. சேரமங்கை, எடுத்தபாதம் என்றெல்லாம் இன்று யாருக்கும் தோன்றாத பெயர்கள் அதில் உள்ளன. படிக்கும்போது ஒன்றில் கவனம்: பெயருக்கு முன் ‘நக்கன்’ என்று திரும்பத் திரும்ப வரும். அதைத் தகப்பன் பெயர் என்று எடுக்காதீர்கள். கோயிலைச் சார்ந்தவர் என்பதைக் காட்டும் பொது அடைமொழி அது. ‘நக்கன்’ என்பது சிவனின் பெயர்.

எவ்வளவு அரிது என்று அளப்பது

இந்தியாவில் ஆண்டுதோறும் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்று அரசு வெளியிடும் பட்டியல் இல்லை. ‘இந்தப் பெயர் தமிழ்நாட்டில் இத்தனையாவது இடம்’ என்று எங்காவது எண் போட்டிருந்தால், அது அந்தத் தளத்தில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை பட்டியல் வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்குக் குறைவாக வைத்த பெயரை அதில் சேர்ப்பதில்லை. அங்கே இல்லை என்றால் பூஜ்யம் என்று பொருளில்லை, 4 வரை இருக்கலாம்.

இங்கே கைக்கெட்டும் நல்ல அளவுகோல் வாக்காளர் பட்டியல். தமிழிலேயே, பாகம் பாகமாகத் தேர்தல் துறையின் தளத்தில் கிடைக்கும். ஒரு பாகத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர். வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து 10 பாகம் எடுத்தால் பெண் பெயர் மட்டும் சுமார் 5,000 கண்ணில் படும். ஒரே ஊரில் பத்துப் பாகம் எடுக்காதீர்கள். ஊர்த் தெய்வத்தின் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் அந்தந்த வட்டாரத்தில் கொத்தாக இருக்கும், கணக்கு கெட்டுவிடும். 5,000 பெயரில் ஒன்றுகூட வரவில்லை என்றால், உண்மையான பரவல் 5,000க்கு 3க்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. புள்ளியியலில் இது எளிய விதி. பட்டியலில் இருப்பவர்கள் 18 வயதைத் தாண்டியவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். போன ஆண்டு ஒரு திரைப்படத்தால் பரவிய பெயர் இதில் தெரியாது. அதற்கு அக்கம்பக்கத்து மழலையர் பள்ளியில் கேட்பதுதான் வழி.

இணையத் தேடல் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். நப்பின்னை என்ற சொல் வரும் பக்கங்களில் திருப்பாவை உரைகளே நிறைந்திருக்கும். மார்கழி 18, 19, 20 தேதிகளில், அதாவது ஜனவரி 2ஐ ஒட்டிய நாட்களில், அந்தப் பாசுரங்கள் வருவதால் பேச்சு கூடும். பெயர் வைப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கூப்பிட்டுப் பாருங்கள்

ஐந்து எழுத்து, மூன்று அசை: நப்-பின்-னை. வாய்பாட்டில் சொன்னால் தேமாங்காய். மூன்றும் நேரசை, முதலிரண்டும் ஒற்றில் அடைபடுகின்றன. எனவே அழுத்தமாக ஒலிக்கும் பெயர் இது, இழைந்து ஓடாது. பாட்டன் பாட்டி முதல் பக்கத்து வீட்டுக் குழந்தை வரை நாலு பேரைச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். செல்லமாகக் கூப்பிட ‘பின்னை’ என்ற பழைய வடிவமே தயாராக இருக்கிறது. ‘நப்பி’ என்று சுருக்க விடாதீர்கள். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ வளரப்போகும் குழந்தை என்றால் இது இன்னும் முக்கியம்: அங்கத்திய ஆங்கிலத்தில் ‘நாப்பி’ என்றால் குழந்தையின் அணையாடை. பெயரின் முதல் பாதி பள்ளியில் கேலிக்கு ஆளாகலாம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நாங்கள் ‘பின்னை’யையே முழுப்பெயராக வைக்கச் சொல்வோம், சிலப்பதிகாரமே அப்படித்தான் அழைக்கிறது.

பதிவு

தமிழ்நாட்டில் பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் பெயர் அன்றே முடிவாக வேண்டியதில்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அரிய பெயரை ஆராய இந்த ஓராண்டு தாராளம். மருத்துவமனைப் படிவத்தில் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் திருத்தப்பட்ட சட்டப்படி, அன்றும் அதன் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், கடவுச்சீட்டு முதலியவற்றுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. அதில் ஏறிய எழுத்துதான் எல்லா இடத்துக்கும் போகும்.

சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். இரண்டையும் நீங்களே அச்செழுத்தில் எழுதிக் கொடுங்கள். சொல்லி எழுதவைத்தால் அரிய பெயர் கட்டாயம் பிழையாகும். நப்பின்னைக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து: என், ஏ, இரண்டு பி, ஐ, இரண்டு என், ஏ, ஐ. இரட்டை எழுத்துகளில் ஒன்றைத் தட்டச்சர் விட்டுவிடுவது மிகச் சாதாரணம். தமிழில் ‘னை’க்குப் பதில் ‘ணை’ விழுகிறதா என்றும் பாருங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன், இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள்.